வான் பாயுது என்று சொல்லக் கூடாது

எங்கள் பக்கத்தில் குளம் வான் பாய்ந்தால் சனம் விலகிப் போவதில்லை. பார்க்கப் போகும். குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கதவுகளால் வெளியே விழுவதைத்தான் வான் பாய்வது என்போம். அது விழுந்துவிட்டால் இந்தப் போகம் தப்பியது, அடுத்த போகத்துக்கும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் குடும்பம் குடும்பமாக வந்து குளக்கட்டில் நிற்பார்கள். கச்சான் கடலை விற்பவர் தவறாமல் வருவார். சிலர் வலையோடு கீழே இறங்குவார்கள். கல்யாணம் கட்டிய வருடம் நானும் என் கணவரின் சைக்கிளில் முன்னுக்கு இருந்து வான் பார்க்கப் போனேன். எனக்கென்று வாங்கிய கச்சானில் பாதியை அவரே தின்று முடித்ததால் அந்த நாள் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதை முதலில் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நாங்கள் இருப்பது கண்டாவளைப் பக்கம், வயல் கிராமம். சில வருடங்களுக்கு முன்பு பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெள்ளம், புயல் வந்தால் கவனிக்கிற அனர்த்த முகாமைத்துவம் என்று சொல்லி ஒரு இளம் உத்தியோகத்தர் வந்திருந்தா. எல்லோரும் அவவை மிஸ் என்று கூப்பிட்டோம். அவ எங்களை நிலத்தில் இருத்தி, சோக்கட்டியால் ஊரின் படத்தை எங்களையே கீறச் சொன்னா. குளம், ஆறு, பள்ளிக்கூடம், கோயில், றோட்டு. வீடுகளுக்குப் புளியங்கொட்டை வைத்தோம். ஊரில் என்னென்ன ஆபத்து என்று கேட்டபோது பாம்பு, யானை, மின்னல், மழை இல்லாத வருடம், மழை கூடிய வருடம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யுத்தத்தில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பவற்றை வெள்ளம் இழுத்துக்கொண்டு வந்து வயலில் போடும் என்று ஒருவர் சொன்னார். மிஸ் அதையும் எழுதிக்கொண்டா.

என் கணவரின் மூத்த அக்கா, என் மச்சாள், தன்னுடைய புளியங்கொட்டையைத் தானே எடுத்து ஆற்றுக்குப் பக்கத்தில் வைத்தா. அதைவிடத் தாழ்வான இடத்தில் வேறு கொட்டை இல்லை.

"அம்மா, வெள்ளம் வந்தா முதல் உங்கடை வீட்டுக்குத்தான் வரும் போல," என்றா மிஸ்.

"ஓம் பிள்ளை. மீன் வாங்கக் கடைக்குப் போகத் தேவையில்லை. அடுப்படிக்கே வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நீங்கள் எங்கை போவியள்?" என்று மிஸ் கேட்டா.

"நான் எங்கையும் போகேல்லை," என்றா மச்சாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஊருக்குத் தெரியும், அவ சும்மா சொல்லவில்லை என்று.

மச்சாள் தனியாக இருப்பவ. புருஷன் இல்லை. ஒரே மகள் கல்யாணம் கட்டி நெளுக்குளத்தில் இருக்கிறாள். வந்து தன்னோடு இருக்கும்படி மகள் கேட்கும்போதெல்லாம், "அங்கை என்ரை மாடு எங்கை மேயும், றோட்டிலையோ?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவா. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவ தூக்காத பை இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது விட்டுவிட்டு, கடைசியில் வெறும் பையோடு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தா. திரும்பி வந்த அன்று அந்தப் பையை எரித்துவிட்டு, இனி என் வாழ்க்கையில் பை தூக்க மாட்டேன் என்று சொன்னா. சொன்னது போலவே இருந்தா. கடைக்குக்கூட வாளியோடுதான் போவா. சீனியும் தேயிலையும் மண்ணெண்ணெயும் ஒரே வாளிக்குள் வரும். தேத்தண்ணியில் சில நேரம் மண்ணெண்ணெய் மணக்கும். நாங்கள் சொல்லாமல் குடிப்போம்.

அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு வேலை பிரித்தார்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத ஆள். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே. அதனால் அறிவித்தல் சொல்கிற வேலை என் தலையில் வந்தது. கையில் பிடித்துக் கதைக்கிற ஒரு சின்ன ஒலிபெருக்கியும் தந்தார்கள். அன்றிலிருந்து கடைச் சந்தியில் எனக்கு அனர்த்தக்கா என்று பெயர். என் கணவர் இன்னும் சுருக்கிவிட்டார். நான் படலையைத் திறந்தால் வீட்டுக்குள் இருந்து, "அனர்த்தம் வந்திட்டுது, தேத்தண்ணியை வையுங்கோ," என்று குரல் வரும்.

வயல் வரம்பில் வைத்து அவருக்கு முன்னால் கதைத்துப் பழகினேன். கை தவறி ஊதுகிற பொத்தானை அமத்தினேன். ஊரில் உள்ள நாய் எல்லாம் ஊளையிட்டது.

"இஞ்சாரும், வான் பாயுது எண்டு நீர் இதிலை கத்தினா, ஐஸ்கிறீம் விக்கிற வான் வண்டி எண்டு சனம் ஓடி வரப்போகுது," என்றார் அவர்.

அப்போது சிரித்தேன்.

குழுவில் நாங்கள் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தது. கட்டு இல்லாத கிணறுகள் எங்கள் ஊரில் அதிகம். பழைய பங்கர் குழிகளும் உண்டு. வெள்ளம் மூடினால் நிலம் எது, கிணறு எது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் சுற்றித் தடி நட்டு, நுனியில் சிவப்புப் பூச்சு அடித்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிதிவெடி எடுத்த காலத்தில் சிவப்பு அடித்த தடியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் கால் வைக்காது. மச்சாள் மட்டும் தன் கிணற்றடித் தடியில் பாவற்கொடியைப் படரவிட்டா.

அடுத்த கார்த்திகை மழை விடாமல் பெய்தது. ஒரு காலை மிஸ் போன் எடுத்து, குளத்தின் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள், மேலே காட்டுப் பக்கம் மழை அதிகம், மத்தியானத்துக்குள் மற்றக் கதவுகளையும் திறக்க வேண்டிவரும் என்றா. ஆற்றோரச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வாசிக்க வேண்டியதைத் தட்டச்சடித்து முன்பே தந்திருந்தார்கள். கோயிலடியில் நின்று வாசிக்கத் தொடங்கினேன். "நீரேந்து பிரதேசங்களில் நிலவும் அதிக மழைவீழ்ச்சி காரணமாகத் தாழ்நிலப் பகுதிகளில் வதியும் மக்கள்" என்கிற இடத்தில் நாக்குப் பிரண்டது. எதிரில் நின்ற மனிசி, "என்னவாம்?" என்று பக்கத்தில் நின்றவவைக் கேட்டா. எனக்கு வெட்கம் பிடித்துக்கொண்டது. கடதாசியை மடித்துவிட்டு எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்.

"குளம் வான் பாயுது. எல்லாரும் கவனமா இருங்கோ. குளம் வான் பாயுது."

சொல்லிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போனேன். முதல் தடவையாக என் குரல் எனக்கே பிடித்திருந்தது. சனம் படலைக்கு வந்து கை காட்டியது. மழையும் கொஞ்சம் விட்டது. திரும்பி வரும்போது வீடுகளில் சத்தம் இல்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது மிஸ்ஸின் போன் வந்தது. "அக்கா, என்ன சொன்னனீங்கள்? இஞ்சை குளக்கட்டிலை சனம் திருவிழா மாதிரி நிக்குது. இதுக்கிடையிலை எப்பிடிக் கதவைத் திறக்கிறது?"

நான் சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. குளக்கட்டில் ஊர் முழுக்க நின்றது. குடை, துவாய், கைப்பிள்ளை, கச்சான் எல்லாம் இருந்தது. கீழே, தண்ணீர் விழுந்து ஓடுகிற பாதையில், வலையோடு ஆட்கள் நின்றார்கள். மிஸ் ஒரு பக்கமும் கிராம உத்தியோகத்தரான விதானையார் ஒரு பக்கமும் ஆட்களை மேலே வரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் ஒரு மனிசி வந்து கையைப் பிடித்தா. "நல்ல வேளை அக்கா, நீங்கள் சொல்லாட்டி நாங்கள் தவறவிட்டிருப்பம்."

"அனர்த்தக்காவும் வான் பாக்க வந்திட்டா, இடம் விடுங்கோ," என்றார் இன்னொருவர்.

ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றேன். அப்போது கீழே முழங்கால் தண்ணீரில் ஒரு முதுகைக் கண்டேன். வலையை உதறி, ஒரு மீனைப் பிடித்து மேலே தூக்கிப் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டிச் சிரிக்கிற முதுகு. என் கணவர்.

எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொத்தானில் விரல் இருந்ததையும் மறந்துபோனேன்.

"என்னப்பா, நீங்கள் உங்கை நிண்டு மீன் பிடியுங்கோ. மற்றக் கதவெல்லாம் திறக்கப் போகினம், வீட்டுக்குத் தண்ணி வரப்போகுது. அங்கை குசினிக்கை உரப்பை கிடக்கு. யூரியா முழுக்கக் கரைஞ்சு போகட்டும். பேந்து வயலுக்கு இந்த மீனைக் கரைச்சு ஊத்துங்கோ."

குளக்கட்டு முழுக்க அது கேட்டது. முதலில் பெரிய சிரிப்பு. பிறகு சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றது. உரம் கிடைக்காமல் பயிர் மஞ்சளித்த வருடங்களைக் கண்டவர்கள் நாங்கள். எல்லோர் அடுப்படியிலும் உரப்பை கிடந்தது.

"எங்கடை யூரியா நிலத்திலையெல்லோ கிடக்கு," என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். கச்சான்காரருக்கு மிச்சக் காசு வாங்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை. கீழே நின்றவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். என் கணவர் என்னைத் தாண்டிப் போகும்போது மீனை என் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு, "ஊருக்கு முன்னாலை ஒரு புருஷனை இப்பிடிக் கிழிக்கக் கூடாது," என்று மெதுவாகச் சொன்னார். கோபமில்லை.

மிஸ் என்னைப் பார்த்து, "அக்கா, இதையே காலமை சொல்லியிருக்கலாமே," என்றா.

உரப்பையைக் காப்பாற்ற வீட்டுக்குப் போனவர்கள், அதை உயரத்தில் ஏற்றிவிட்டு, முற்றத்தில் தண்ணீர் ஊறுவதைக் கண்டு தாங்களாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சிலர் உரப்பையையும் கொண்டுவந்தார்கள். அரிசியும் பருப்பும் கோயிலில் அன்னதானம் சமைக்கிற பெரிய கிடாரமும் வந்து இறங்கின. சமைக்க ஆர் என்று விதானையார் கேட்டபோது வழக்கம் போல நான் பேசாமல் இருந்தேன். வழக்கம் போல அது ஓம் என்று எடுக்கப்பட்டது. நான் என் வாழ்க்கையில் நாலு பேருக்கு மேல் சமைத்ததில்லை.

வகுப்பறைகளைப் பார்த்து வந்த என் கணவர் என் பக்கத்தில் நின்றார். "அக்கா வரேல்லை," என்றார்.

இவர் போவார் என்று தெரியும். அக்கா வராவிட்டால் இவரும் வர மாட்டார் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டார். நானும் அது பின்னால் இழுக்கிற பெட்டியில் ஏறினேன். கதவுகளைத் திறக்க முன்பு திரும்பிவிடுங்கோ, இனிமேல் பிந்த ஏலாது என்று மிஸ் சொல்லியிருந்தா.

மச்சாளின் முற்றம் குளமாகக் கிடந்தது. மாடுகளைக் காலையிலேயே அவிழ்த்து மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டா. தான் மட்டும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தா. தண்ணீர் முதல் படியில் நின்றது. எங்களைக் கண்டதும் சிரித்தா.

"பிள்ளை, உன்ரை சத்தம் இஞ்சை வரைக்கும் கேட்டது. என்ரை தம்பியை நல்லாக் கழுவி ஊத்திப்போட்டாய்."

"அக்கா, கதைக்க நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடு," என்றார் இவர்.

பை என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்ததும் மச்சாளின் முகம் மூடிக்கொண்டது.

"பையோ? நான் தூக்கின பையெல்லாம் போதும். நீங்கள் போங்கோ."

"தண்ணி இந்தக் கூரைக்கு வரும் அக்கா."

"வரட்டும். ஷெல் அடிக்க ஓடினன். அது வேறை. மழைக்கு ஓட மாட்டன். இது என்ரை வீடு."

இவர் கும்பிட்டார். பிறகு ஏசினார். பிறகு மகளைப் பற்றிச் சொன்னார். மச்சாள் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தா. தண்ணீர் இரண்டாவது படியை நனைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும். மனதில் ஒன்றுதான் இருந்தது, காலையில் இருந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்த மற்ற விஷயம். அது வெளியே வந்துவிட்டது.

"மச்சாள், பள்ளிக்கூடத்திலை என்னைச் சமைக்கச் சொல்லிப்போட்டினம்."

அவ திரும்பினா. "உன்னையோ? எத்தினை பேருக்கு?"

"ஊர் முழுக்க."

"கிடாரத்திலையோ?"

"ஓம். கோயில் கிடாரம்."

"தண்ணி எவ்வளவு வைப்பாய்?"

"தெரியேல்லை மச்சாள். வீட்டிலை வைக்கிற மாதிரி, விரலை விட்டுப் பாத்து..."

"கிடாரத்துக்குள்ளை விரலை விட்டுப் பாக்கப் போறியோ?" அவ கதிரையில் நிமிர்ந்தா. கோயில் அன்னதானத்துக்கு எத்தனையோ வருடம் கிடாரத்தடியில் நின்றவ அவ. "பருப்பு ஆர்?"

நான் அவவின் தம்பியைப் பார்த்தேன். பொய் இல்லை. பருப்பைத் தான் பார்ப்பதாக அவர் விதானையாரிடம் சொல்லியிருந்தார்.

"அவனோ?" என்றா மச்சாள். "சனம் வெள்ளத்துக்குத் தப்பி இவன்ரை பருப்பிலை சாகப்போகுதே."

எழும்பினா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் குசினிக்குப் போனா. வரும்போது கையில் அன்னதானத்துக்குக் கிண்டுகிற நீள அகப்பை இருந்தது. வேறு ஒன்றும் எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டவும் இல்லை. பெட்டியில் என் தோளைப் பிடித்து ஏறி, அகப்பையை ஊன்றிக்கொண்டு நின்றா.

"பாத்து நில்லுங்கோ மச்சாள்."

"நீ உன்ரை உப்பைப் பாத்துக்கொள்."

ஆற்றோர ஒழுங்கையைத் தாண்டி மேட்டு றோட்டில் ஏறிய பிறகுதான் என் கணவர் மூச்சு விட்டார். மூச்சு வந்ததும் வாயும் வந்தது. திரும்பிப் பார்த்து, "அக்கா, அகப்பையிலையும் ஒரு பை இருக்கு, தெரியுமோ?" என்றார்.

மச்சாள் அதே அகப்பையால் அவர் முதுகில் ஒன்று வைத்தா. பெரிய சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். அகப்பைச் சத்தம் இல்லை. கதவுகளைத் திறந்துவிட்டார்கள். தூரத்தில் ஆறு மண்நிறமாக எழும்பி வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த ஒழுங்கை தெரியவில்லை. நாங்கள் நட்ட தடிகளின் சிவப்பு நுனி மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிந்தது.

மச்சாள் அதைப் பார்த்தா. மற்றக் கையால் என் கையை இறுகப் பிடித்தா.

பள்ளிக்கூடத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் ஆனது. மச்சாள் என்னை வெங்காயம் உரிக்க விட்டா. தம்பியைக் கிடாரத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை. காலையில் பிடித்த மீனைப் பொரித்துப் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்குக் கொடுத்தா. சாப்பாடு பரிமாறும் நேரம் ஒருவர் வந்து, உங்கள் குசினிச் சுவர் விழுந்துவிட்டது அம்மா, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்றார். மச்சாள் கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு, "அது பழஞ்சுவர்தானே. உதிலை நிக்காமல் தட்டை எடுங்கோ," என்றா. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லோருமாகப் போய் அவவின் வீட்டைக் கழுவினோம். மாடுகள் தாங்களாகவே வந்திருந்தன. கிணற்றடியில் தடி சரிந்திருந்தாலும் பாவற்கொடி பிடித்துக்கொண்டு கிடந்தது. புதுக் குசினியைத் தம்பி மேடாக்கிக் கட்டினார்.

அடுத்த கூட்டத்தில் மிஸ் தட்டச்சுக் கடதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டா. எங்கள் ஊருக்கு என்ன சொன்னால் சரி என்று எங்களையே கேட்டு எழுதினா. வான் பாயுது என்று சொல்லக் கூடாது. இடம்பெயருங்கோ என்றும் சொல்லக் கூடாது. உங்கடை உரப்பையை உயர வையுங்கோ, பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சாப்பிட வாங்கோ. அதுதான் இப்போது எங்கள் அறிவித்தல். வேறு ஊருக்கு அது சரிவருமோ தெரியாது. விதானையார் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தார்.

மச்சாள் இன்னமும் ஆற்றோரத்தில்தான் இருக்கிறா. இன்னமும் வாளியோடுதான் கடைக்குப் போகிறா. அவவுக்கு அறிவித்தல் தேவைப்படுவதில்லை. இந்த முறை மழை தொடங்கிய இரண்டாம் நாளே போன் வந்தது.

"பிள்ளை, எப்பிடி, கதவு திறப்பினமோ?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை மச்சாள்."

"அப்ப நான் இண்டைக்கே வாறன். கிடாரம் உள்ளுக்கை களிம்பு பிடிச்சுக் கிடக்கும், மினுக்க வேணும். தம்பியை அனுப்பு." பிறகு, "அவனிட்டைச் சொல்லு, பருப்பைத் தொட வேண்டாம் எண்டு," என்றா.

என் கணவர் ஏற்கனவே உழவு இயந்திரத்தை வெளியே எடுத்திருந்தார். நான் போய் உரப்பையை உயரத்தில் ஏற்றினேன்.